நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காத மரபணு: மீத்தேன் நுண்ணுயிரியின் ஒரு நொதியை வரிசையிலிருந்து படிகம் வரை நீங்களே படிக்க ஒரு வழிகாட்டி

மெத்தனோசார்சினா பார்க்கேரி என்ற நுண்ணுயிரியின் மரபணு ஒன்றை முதன்முதலில் கணினியில் மொழிபெயர்த்துப் பார்த்தபோது 201 அமினோ அமிலங்கள் ஒழுங்காக வந்தன. 202-வது இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ‘இத்துடன் முற்றும்’ என்று அர்த்தம். கோப்பைத் தப்பாக இறக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி இறக்கினேன். அதே நட்சத்திரம். ஓர் எழுத்து தள்ளி வாசித்துப் பார்த்தேன். வரிக்கு வரி நட்சத்திரமாகக் கொட்டியது.

கோப்பு சரியாகத்தான் இருந்தது, நான் வாசித்ததும் சரிதான். 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிரிசிக்கியின் குழுவும் இதே இடத்தில்தான் வந்து நின்றது. அவர்கள் அதை விடாமல் துரத்திக்கொண்டு போனதில், 2002-ல் மரபுக் குறியீட்டில் 22-வது அமினோ அமிலம் ஒன்று சேர்ந்தது. அதன் பெயர் பைரோலைசின்.

அவர்கள் ஆண்டுக்கணக்கில் சோதனைக்கூடத்தில் நடந்த வழியை, இன்று பொதுவில் கிடைக்கும் தரவுகளை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாமே நடந்து பார்க்கலாம். இணைய இணைப்பு வேண்டும். டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் என்ற சங்கிலியும், மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ உயிரியல் தாராளமாகப் போதும்.

தொடங்குமுன்: இந்த நொதி எதற்கு?

மீன் கெட்டுப்போகும்போது வரும் கவிச்சிக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில் அமீன் என்ற வேதிப்பொருள். ஒரு நைட்ரஜன் அணுவில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஒட்டியிருக்கும். ஒன்றைக் கழற்றினால் டைமெத்தில் அமீன், இன்னொன்றையும் கழற்றினால் மோனோமெத்தில் அமீன், கடைசியையும் எடுத்துவிட்டால் வெறும் அம்மோனியா. ஆக்சிஜன் எட்டாத சேற்றிலும் கழிவுத் தொட்டிகளிலும் வாழும் மெத்தனோசார்சினாவுக்கு இந்த அமீன்களும் சாப்பாடு. மெத்தில் தொகுதியைப் பிடுங்கி மீத்தேனாக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலில் பிழைக்கிறது. நான்கு மோனோமெத்தில் அமீன் மூலக்கூறுகள் உள்ளே போனால் மூன்று மீத்தேன், ஒரு கார்பன் டை ஆக்சைடு, நான்கு அம்மோனியா வெளியே வரும்.

இதைப் பாக்டீரியா என்று எழுதிவிடாதீர்கள். இது ஆர்க்கியா என்ற தனிப் பிரிவைச் சேர்ந்தது. இதன் பிரபலமான வகைகளில் ஒன்றான ஃபுசாரோ, இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே உள்ள ஃபுசாரோ ஏரியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வீட்டில் வளர்த்துப் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். ஆக்சிஜன் பட்டால் போச்சு.

நாம் பார்க்கப்போவது மோனோமெத்தில் அமீனிலிருந்து மெத்தில் தொகுதியைப் பிரிக்கும் நொதியை. மோனோமெத்தில் அமீன் மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ் என்பது அதன் முழுப் பெயர். மரபணுவின் சுருக்கப் பெயர் எம்டிஎம்பி. இனி ‘நம் நொதி’ என்றே சொல்கிறேன்.

படி 1: வரிசையைக் கையில் எடுப்பது

அமெரிக்காவின் என்சிபிஐ தளத்தில் நியூக்ளியோடைடு பகுதிக்குப் போய், உயிரியின் பெயரையும் நொதியின் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். மரபணுவின் சுருக்கப் பெயரை மட்டும் போட்டால் சம்பந்தமில்லாதவை நிறைய வரும். இந்த உயிரியில் நம் நொதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் உண்டு. 1 என்று எண்ணிட்ட பிரதியை எடுங்கள். ‘குறியிடும் பகுதி’ மட்டும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, ஃபாஸ்டா என்ற எளிய உரை வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கூடவே யூனிபுராட் தளத்தில் அதே நொதியின் புரதப் பக்கத்தையும் ஒரு தாவலில் திறந்து வையுங்கள். ஆனால் அதை இப்போது பார்க்கக் கூடாது. பார்த்தால் விடை தெரிந்துவிடும், விளையாட்டு கெட்டுவிடும்.

படி 2: மொழிபெயர்த்துப் பார்ப்பது

எக்ஸ்பாசி தளத்தின் மொழிபெயர்ப்புக் கருவியில் வரிசையை ஒட்டுங்கள். அது ஆறு விதமாக வாசித்துக் காட்டும்: முன்னோக்கி மூன்று, பின்னோக்கி மூன்று. நமக்கு முன்னோக்கிய முதல் வாசிப்பு போதும். 202-வது இடத்தில் முற்றுக் குறி இருக்கும். கருவியைப் பொறுத்து அது நட்சத்திரமாகவோ சிறு கோடாகவோ தெரியலாம்.

மூல வரிசைக்குப் போய் 604, 605, 606 ஆகிய எழுத்துகளைப் பாருங்கள். 201-ஐ மூன்றால் பெருக்கினால் 603, அதற்கடுத்த மூன்று. அங்கே டி, ஏ, ஜி என்று இருக்கும். ஆர்என்ஏ-வில் அது யு, ஏ, ஜி. மூன்று நிறுத்தக் கோடான்களில் இதற்கு ஆம்பர் என்று பெயர். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் இதைச் சார்ந்த வைரஸ் மாற்றங்களைத் தேடிய ஆய்வாளர்களின் நண்பர் ஒருவரின் குடும்பப் பெயர் பெர்ன்ஸ்டைன். ஜெர்மன் மொழியில் அதற்கு ஆம்பர் என்று பொருள். விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. மற்ற இரண்டு நிறுத்தங்களுக்கும் அதே வேகத்தில் ஓக்கர், ஓபல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

படி 3: ‘இது பிழையோ’ என்று ஒழுங்காகச் சந்தேகப்படுவது

அவசரப்பட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்துவிடும். சந்தேகத்தை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

முதல் சந்தேகம்: வரிசைப்படுத்தலில் ஓர் எழுத்து தவறியிருக்கலாம். நியாயமான சந்தேகம்தான். லைசினைக் குறிக்கும் ஏஏஜி-யில் முதல் எழுத்து தப்பினால் டிஏஜி. குளுட்டமினைக் குறிக்கும் சிஏஜி-யிலும் அப்படியே. டிரிப்டோஃபானுக்கான டிஜிஜி-யில் நடு எழுத்து தப்பினாலும் டிஏஜி-தான். ஓர் எழுத்துப் பிழையில் இந்த நட்சத்திரம் முளைக்கப் பல வழிகள் உண்டு.

இரண்டாவது சந்தேகம்: அந்த மரபணு செத்துப்போனதாக இருக்கலாம். பயன்படாமல் விட்ட மரபணுவில் நடுவில் நிறுத்தம் முளைப்பது சகஜம்.

நட்சத்திரத்துக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதே வாசிப்பில் இன்னும் சுமார் 250 கோடான்கள் ஒரு நிறுத்தமும் இல்லாமல் போகின்றன. நான்கு எழுத்துகளும் சம அளவில் கலந்து வருகின்றன என்று வைத்துக்கொண்டால், 64 கோடான்களில் 3 நிறுத்தங்கள், அதாவது சராசரியாக 21 கோடானுக்கு ஒரு நிறுத்தம் வர வேண்டும். 250 கோடான்கள் தற்செயலாக நிறுத்தமே இல்லாமல் ஓடும் வாய்ப்பு 61-ஐ 64-ஆல் வகுத்து வருவதை 250 முறை பெருக்கினால் கிடைக்கும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 1,60,000-ல் ஒன்று. அப்படியானால் அந்தப் பின்பாதியை யாரோ காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பயன்படாத ஒன்றைப் பரிணாமம் இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றாது.

அடுத்து, நம் நொதியின் இரண்டாவது பிரதியைத் தேடி எடுத்து அதையும் மொழிபெயருங்கள். அதிலும் அதே இடத்தில் ஆம்பர். ஒரே பிழை இரண்டு இடத்தில் அதே எழுத்தில் நடப்பது கஷ்டம். ஆனாலும் பிடிவாதக்காரர் ஒருவர், ‘பிரதி எடுத்தபோது பிழையும் சேர்ந்து வந்திருக்கும்’ என்று சொல்லலாம். அவரை மடக்கத்தான் மூன்றாவது சோதனை.

டைமெத்தில் அமீனுக்கும் ட்ரைமெத்தில் அமீனுக்கும் தனித்தனி நொதிகள் உண்டு. அவற்றையும் இறக்கி மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசையில் ஒற்றுமையே தெரியாது. ஒரே குடும்பம் என்று சொல்ல முடியாத அளவுக்கு வேறு வேறு. ஆனால் மூன்றிலும் நடுவில் ஓர் ஆம்பர் உண்டு. மோனோமெத்தில் அமீன் நொதியில் 202-வது இடம், டைமெத்தில் அமீன் நொதியில் 356, ட்ரைமெத்தில் அமீன் நொதியில் 334. உறவே இல்லாத மூன்று பேர், மூன்று பேரும் மெத்தில் அமீனைக் கையாள்கிறவர்கள், மூன்று பேர் நெற்றியிலும் ஒரே மச்சம். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த ஆதாரம் இதுதான். கிரிசிக்கியின் குழு நம் நொதியின் மரபணுத் தொகுப்பை 1998-லும், மற்ற இரண்டின் ஆம்பர்களை 2000-த்திலும் வெளியிட்டது. படிகம் வருவதற்கு முன்பே, விஷயம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஏதோ பெரிதாக இருக்கிறது என்று புரிந்திருக்கும்.

படி 4: புரதத்தைக் கேட்பது

மரபணு என்ன சொன்னாலும் செல்லுக்குள் உண்மையில் இருப்பது என்ன? ஓர் அமினோ அமிலத்தின் சராசரி எடை 110 டால்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 201-ல் நின்றுவிட்டால் புரதம் சுமார் 22,000 டால்டன் இருக்கும். கடைசி வரை போனால் 450-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள், ஏறக்குறைய 50,000 டால்டன். செல்லிலிருந்து பிரித்தெடுத்த நொதியின் அளவு 50,000-ஐ ஒட்டியது. ஆக, ரைபோசோம் ஆம்பரில் நிற்கவில்லை. அதன் மேல் ஏதோ ஒன்றை வைத்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறது.

எதை வைத்தது? 2001-ல் புரதத்தைத் துண்டுகளாக்கி வரிசையையும் எடையையும் பார்த்தபோது வந்த விடை சப்பென்று இருந்தது: லைசின். ஏற்கெனவே தெரிந்த 20-ல் ஒன்று. பலர் அத்துடன் கோப்பை மூடியிருப்பார்கள். ஆம்பர் கோடான் லைசினாக வாசிக்கப்படுகிறது என்று ஒரு கட்டுரை, சுபம்.

உண்மையில் அங்கே இருந்தது லைசினின் வால் நுனியில் ஒரு வளையம் ஒட்டிய மூலக்கூறு. துண்டுகளாக்கும் வேதிமுறைகளில் அந்த வளையம் கழன்றுபோய் லைசின் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பின்னாளில் பக்குவமாக அளந்தபோது அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதன் எடை சுமார் 237 டால்டன் என்று தெரிந்தது. புரதத்துக்குள் லைசினின் எடை 128. வித்தியாசம் 109. ஐம்பதாயிரத்தில் 109 என்பது கால் சதவீதம் கூட இல்லை; சாதாரண ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நிறை நிறமாலையில் வேலை செய்கிறவர்கள் இந்த 109-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய நொதியின் பெப்டைடு ஒன்று லைசின் என்று கணக்கிட்டதைவிட 109 கூடுதலாக வந்தால் மாசு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

படி 5: படிகத்துக்குள் எட்டிப்பார்ப்பது

இப்போது புரதத் தரவு வங்கியான பிடிபி-க்குப் போகலாம். நம் நொதியின் அமைப்புகளுக்கு 1எல்2க்யூ, 1என்டிஎச் என்று நான்கெழுத்துக் குறியீடுகள் உண்டு. இவற்றை அப்படியே ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஒஹையோவிலேயே மைக்கேல் சானின் குழு தீர்த்த அமைப்புகள் இவை. 2002 மே மாதம் சயன்ஸ் இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன: ஒன்று படிகத்தைப் பற்றி, முதல் ஆசிரியர் பிங் ஹாவோ, மற்றது ஆம்பரை வாசிக்கும் ஆர்என்ஏ பற்றி, முதல் ஆசிரியர் காயத்ரி ஸ்ரீனிவாசன்.

தளத்திலேயே முப்பரிமாணக் காட்சி இருக்கிறது. தனி மென்பொருள் வேண்டாம். கிமிராஎக்ஸ் என்ற மூலக்கூறு காட்டும் மென்பொருள் பழக்கமானவர்கள் அதிலேயே திறக்கலாம். முதலில் மொத்த உருவத்தைப் பாருங்கள். நடுவில் எட்டு இழைகள் பலகை பலகையாகச் சுற்றி நிற்க, வெளியே எட்டுச் சுருள்கள் சூழ்ந்திருக்கும். பீப்பாய் போன்ற இந்த வடிவம் நொதி உலகில் மிகப் பழக்கமான ஒன்று. செல்லில் இத்தகைய ஆறு பீப்பாய்கள் சேர்ந்தே இருக்கின்றன, மும்மூன்றாக இரண்டு அடுக்கு. திரையில் ஒரு சங்கிலி மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ‘உயிரியல் கூட்டமைப்பு’ என்ற பொருள் தரும் தெரிவைச் சொடுக்கினால் ஆறும் வந்துவிடும்.

அப்புறம் வரிசைப் பட்டியில் 202-ஐத் தேடிச் சொடுக்குங்கள். பீப்பாயின் உட்புறக் குழியை நோக்கி ஒரு நீளமான பக்கச் சங்கிலி நீட்டிக்கொண்டிருக்கும். லைசினின் நான்கு கார்பன் வால் முதலில், அதன் நுனியில் ஒரு நைட்ரஜன், அதிலிருந்து ஓர் அமைடு பிணைப்பு, கடைசியில் ஐந்து அணுக்கள் கொண்ட வளையம். வளையத்தில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள், 7-வது படியில் அதுதான் கதாநாயகன்.

காட்சிக் கருவியில் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தைக் காட்டும் வசதி இருந்தால் கட்டாயம் போட்டுப் பாருங்கள். படிகவியலாளர்கள் அணுக்களை நேரில் பார்ப்பதில்லை. எக்ஸ் கதிர் சிதறலிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான் மேகத்தைத்தான் பார்க்கிறார்கள். அதற்குள் பொருந்தும்படி அணுக்களை வைப்பது மனித வேலை. லைசினை வைத்துப் பார்த்தால் மேகத்தின் நுனி நிரம்பாமல் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் கண்டுபிடிப்பு.

இங்கே தெளிவுத்திறன் என்ற எண்ணைப் புரிந்துகொள்வது அவசியம். இந்தத் தொகுப்பின் சிறந்த அமைப்பு 1.55 ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம். அதாவது, பக்கத்துப் பக்கத்து அணுக்களின் மேகங்கள் ஓரளவு பிரிந்து தெரியும். வளையத்தில் ஐந்து அணுக்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஒரு மேகம் கார்பனா, நைட்ரஜனா, ஆக்சிஜனா? எலக்ட்ரான் எண்ணிக்கை 6, 7, 8. இந்தத் தெளிவில் அவற்றைப் பிரித்துச் சொல்வது சிரமம். அதனால்தான் வளையத்தின் நான்காவது இடத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு தொகுதியை மெத்தில், அமீன், ஹைட்ராக்சில் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்று 2002-ல் திறந்தே விட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய நேர்மை எனக்குப் பிடிக்கும். பிறகு நிறை அளவீடுதான் அது மெத்தில் என்று முடிவு கட்டியது. வடிவத்தைப் படிகம் தந்தது, அணுவின் அடையாளத்தைத் தராசு தந்தது.

இரண்டு அமைப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஒரு படிகம் சாதாரண உப்புக் கரைசலில் வளர்ந்தது, மற்றது அம்மோனியம் சல்ஃபேட்டில். அம்மோனியா சுற்றிலும் இருந்த படிகத்தில், வளையத்தின் மேல் ஏதோ வந்து ஒட்டியது போன்ற கூடுதல் மேகம் தெரிந்தது, வளையமும் திரும்பியிருந்தது. படிகம் வளர்ப்பவர்கள் உப்பை வசதிக்காகத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே அந்த உப்பே நொதியின் ரகசியத்தில் பாதியைச் சொல்லிவிட்டது.

படி 6: பைரோலைசினை யார் கொண்டுவந்து வைக்கிறார்கள்?

புரதம் தயாரான பிறகு லைசினின் மேல் வளையத்தை ஒட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். புரதங்களில் அப்படி ஒட்டு வேலை நிறைய நடக்கிறது. அப்படியென்றால் இதை 22-வது என்று கொண்டாட முடியாது.

விடை மரபணுத்தொகுதியில், நம் நொதியின் மரபணுவுக்கு அருகிலேயே இருக்கிறது. பில்-டி என்ற மரபணு ஒரு கடத்தி ஆர்என்ஏ-வைத் தருகிறது. அதன் எதிர்க்கோடான் சி, யு, ஏ. யுஏஜி-யுடன் அச்சாகப் பொருந்தும். இது அமைந்துவிட்டதால், செய்தி ஆர்என்ஏ-வில் எழுத்து திருத்தம் நடக்கிறது என்றெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை. ஆம்பரை ஆம்பராகவே வாசிக்க ஆள் இருக்கிறார். பக்கத்தில் பில்-எஸ், கடத்தியின் மேல் அமினோ அமிலத்தை ஏற்றும் நொதி இது. அடுத்து பில்-பி, பில்-சி, பில்-டி என்று மூன்று. கடைசி டி-யும் (D) முதலில் சொன்ன டி-யும் (T) ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள். தமிழில் எழுதும்போது மட்டும் இந்தக் குழப்பம். இந்த மூன்று நொதிகளும் சேர்ந்து இரண்டு லைசின் மூலக்கூறுகளிலிருந்து பைரோலைசினைச் சமைக்கின்றன. அந்தச் சமையல் குறிப்பு 2011-ல் தெளிவானது.

ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 2002-ல் பில்-எஸ் கடத்தியின் மேல் லைசினை ஏற்றுகிறது என்றே முதலில் எண்ணினார்கள். 2004-ல் வந்த ஆய்வுகள், அது முழுதாகத் தயாரான பைரோலைசினையே நேராக ஏற்றுகிறது என்று காட்டின. இதுதான் 22-வது என்ற பட்டத்தைக் கெட்டியாக்கியது. 21-வதான செலினோசிஸ்டீன் கூட இப்படி இல்லை. அது கடத்தியின் மேல் ஏறிய பிறகே உருமாற்றப்படுகிறது.

மெத்தனோசார்சினா அசிட்டிவோரான்ஸ் என்ற உறவுக்கார உயிரியில் கடத்தி ஆர்என்ஏ மரபணுவை நீக்கியும் பார்த்திருக்கிறார்கள். மெத்தனாலிலும் அசிட்டேட்டிலும் அது நன்றாக வளர்ந்தது. மெத்தில் அமீனில் மட்டும் வளரவில்லை. இவ்வளவு துல்லியமான முடிவு உயிரியலில் அடிக்கடி கிடைக்காது.

படி 7: அந்த வளையம் என்ன வேலை செய்கிறது?

இந்தப் படி பாதி உறுதி, பாதி முன்மொழிவு. வளையத்தில் உள்ள கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் கார்பனை அமீன்கள் தேடி வந்து பிடிக்கும். மெத்தில் அமீனின் நைட்ரஜன் அங்கே ஒட்டிக்கொண்டால், அதன் மெத்தில் தொகுதி சரியான திசையில் திரும்பி நிற்கும். எதிரே வந்து நிற்பது வைட்டமின் பி12-ன் உறவுக்காரரான, கோபால்ட் ஏந்திய இன்னொரு சிறிய புரதம். கோபால்ட் மெத்திலை வாங்கிக்கொள்ளும். மிஞ்சும் அம்மோனியா பிறகு கழன்றுபோகும். அம்மோனியம் சல்ஃபேட் படிகத்தில் வளையத்தின் மேல் தெரிந்த மேகம் இந்தக் கதையோடு பொருந்துவதைக் கவனியுங்கள்.

சாதாரண 20 அமினோ அமிலங்களில் இப்படி வெளியிலிருந்து வரும் அமீனைப் பிடித்துக்கொள்ளும் பக்கச் சங்கிலி எதற்கும் இல்லை. கோபால்ட்டிலிருந்து மெத்தில் வேறொரு நொதி வழியாகக் கோஎன்சைம்-எம் என்ற சிறு மூலக்கூறுக்குப் போய், கடைசியில் நிக்கல் கொண்ட நொதி ஒன்றில் மீத்தேனாக வெளியேறுகிறது. அந்த நிக்கல் நொதி தனிக் கட்டுரைக்கான சரக்கு.

படி 8: புதிய மரபணுத்தொகுதியில் நீங்களே தேடுவது

இனி ஒளித்துவைத்த யூனிபுராட் பக்கத்தைத் திறக்கலாம். 202-வது இடத்தில் ஆங்கில ஓ எழுத்து இருக்கும். பைரோலைசினுக்கு அதுதான் ஒற்றை எழுத்து. என்சிபிஐ கோப்பின் விவரப் பகுதியிலும், இந்த இடத்தை மட்டும் விதிவிலக்காக மொழிபெயர்க்கவும் என்று ஒரு வரி இருக்கும். யாரோ உட்கார்ந்து கையால் சரிபார்த்ததன் அடையாளம் அது.

எல்லாத் தொகுதிகளுக்கும் அந்த வரி இருக்காது. தானியங்கி மென்பொருள்கள் ஆம்பரைக் கண்டதும் மரபணுவை இரண்டாக வெட்டி, முதல் பாதியைக் குட்டை நொதி என்றும் இரண்டாம் பாதியை அடையாளம் தெரியாத புரதம் என்றும் எழுதிவிடும். ஆகவே புரதப் பட்டியலில் தேடுவதை விட்டுவிட்டு, தெரிந்த நொதியின் புரத வரிசையை வைத்து டிஎன்ஏ-வையே மொழிபெயர்த்துத் தேடும் டிபிளாஸ்ட்-என் கருவியைப் பயன்படுத்துங்கள். ஓ எழுத்து பல கருவிகளுக்குத் தெரியாது; அந்த ஒரு இடத்தில் எக்ஸ் என்று மாற்றிப் போட்டுவிட்டால் தகராறு செய்யாது. ஒரே வாசிப்பில் ஒட்டி ஒட்டி இரண்டு பொருத்தங்கள் வந்து, அவற்றின் இணைப்பில் டிஏஜி இருந்தால், நீங்கள் தேடியது அகப்பட்டது.

ஆனால் அந்த உயிரியிடம் பில்-எஸ் உள்ளிட்ட சமையல் மரபணுக்களும் சியுஏ எதிர்க்கோடான் கொண்ட கடத்தியும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். இந்தக் கடத்தியின் உடலமைப்பு வழக்கமான கடத்திகளிலிருந்து கொஞ்சம் விலகியது. தேடும் கருவி அதைத் தவறவிடலாம். பில்-எஸ்ஸும் எல்லா உயிரியிலும் ஒரே நீளத்தில் இராது. டீசல்ஃபிட்டோபாக்டீரியம் ஹாஃப்னியென்ஸ் என்ற பாக்டீரியாவில் அது இரண்டு மரபணுக்களாகப் பிரிந்து கிடக்கிறது. மனிதக் குடலில் வாழும் மெத்தனோமாசிலிகாக்கஸ் லூமினியென்சிஸ் என்ற மீத்தேன் ஆர்க்கியாவில் அதன் முன்பகுதியே இல்லை. குட்டையாக இருக்கிறது என்று உடைந்த மரபணுப் பட்டியலில் தள்ளிவிடக் கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பைரோலைசின் உள்ள உயிரியில் கண்ட ஆம்பரையெல்லாம் ஓ என்று வாசிப்பது. இந்த உயிரிகளில் சில மரபணுக்களுக்கு ஆம்பர் உண்மையான முற்றுப்புள்ளியாகவே இருக்கிறது. ஆம்பருக்குப் பின் வரும் வரிசை வேறு இனங்களிலும் காப்பாற்றப்பட்டிருக்கிறதா, அல்லது பத்துப் பதினைந்து கோடானிலேயே இன்னொரு நிறுத்தம் வந்துவிடுகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ட்ரைமெத்தில் அமீன் நொதியைத் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். அதன் வரிசையோடு நன்றாகப் பொருந்தும் புரதங்கள் ஏராளமான பாக்டீரியாக்களில் கிடைக்கும், பெயரும் ட்ரைமெத்தில் அமீன் நொதி என்றே ஒட்டியிருக்கும். பெரும்பாலானவற்றில் ஆம்பரே இல்லை. மேலே சொன்ன ஹாஃப்னியென்ஸில் அப்படிப்பட்ட ஒன்றை எடுத்து 2014-ல் சோதித்தார்கள். அது ட்ரைமெத்தில் அமீனைத் தொடவில்லை. கிளைசின் பீட்டைன் என்ற வேறொரு பொருளிலிருந்து மெத்திலை எடுத்தது. அந்த வரிசையை இறக்கி, மெத்தனோசார்சினாவின் ட்ரைமெத்தில் அமீன் நொதியோடு வரிசைப்படுத்தி, 334-வது இடத்துக்கு நேராக என்ன நிற்கிறது என்று பாருங்கள். அங்கே நட்சத்திரம் இருக்காது.